தட்டாமல் மூடிய சோபா

"நான் போட்ட தையலை நானே பிரிச்சதா சரித்திரம் கிடையாது. அப்படி ஒரு நாள் வந்துச்சுன்னா, ஊசியைக் கீழ வச்சுட்டு, வாசல்ல உட்கார்ந்து போறவங்க வர்றவங்க செருப்பை எண்ணிக்கிட்டிருப்பேன். எழுதி வச்சுக்கோ."

சோபா மாஸ்டர் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது எந்த மேடையிலும் அல்ல. தன் கடையில், தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்த ஒரு மூன்று பேர் சோபாவின் மேல் முழங்காலை ஊன்றி, வாயில் நான்கு ஆணிகளைக் கவ்வியபடி. ஆணிகளுக்கு நடுவே புகுந்து வந்ததால் சொற்கள் சற்று நசுங்கியிருந்தன. கருத்தில் எந்த நசுங்கலும் இல்லை. அதைக் கேட்கும் பாக்கியம் பெற்றவர்கள் இருவர். ஒருவர் மாஸ்டரின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. சோபாக்களைக் கொண்டுவருவது, கொண்டுபோய் இறக்குவது, உடைந்த மரச்சட்டங்களைச் சேர்ப்பது ஆகிய மூன்று இலாகாக்களும் அவர் வசம் இருந்தன. இன்னொருவர் மேனேஜர். மச்சினன் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் தன் பின்னங்காலை நக்கிக்கொண்டார்.

மேனேஜர் ஒரு பூனை. மாஸ்டர் காதுபட இவ்வளவு மொட்டையாகச் சொன்னால் சண்டைக்கு வருவார் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடலாம். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், செம்பட்டை நிறமும் கிழிந்த காதுமாக ஒரு பூனை கடைக்குள் நுழைந்தது. ஒரு வக்கீல் வீட்டுக்காக அன்று தயாராகிக்கொண்டிருந்த சோபாவில் ஏறியது. முன்னங்கால்களால் நாலு மிதி மிதித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கி, வெறும் தரையில் போய்ப் படுத்தது. தான் செய்த சோபாவைவிடச் சிமெண்டுத் தரை மேலா என்று மாஸ்டருக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. பூனையின் அறியாமையை நிரூபிப்பதற்காகவே சோபாவில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு ஸ்பிரிங் கழன்றிருந்தது. நல்லவேளையாக அடித்துணியை இன்னும் தைத்து மூடவில்லை. அந்த நிமிடமே 'அது', 'அவர்' ஆகப் பதவி உயர்வு பெற்றது.

அன்று முதல் அந்தக் கடையில் ஒரு சட்டம். மேனேஜர் ஏறி, மிதித்து, சுருண்டு படுத்தால் சோபா பாஸ். விளிம்பில் உட்கார்ந்துவிட்டு இறங்கினால் ஃபெயில். பாஸ் ஆன பிறகுதான் சோபாவைக் கவிழ்த்து அடித்துணியை மூடுவார்கள். மற்ற கடைகளில் அடித்துணிக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள். மாஸ்டர் வளைந்த ஊசியால் தைப்பார், யார் கண்ணிலும் படாத இடம் என்றாலும். இப்படிச் சோதித்துவிட்டு மூடியதால்தான் எதையும் திரும்பப் பிரிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. அந்தப் பெருமையில் பாதி யாருக்குச் சேர வேண்டும் என்பதை மாஸ்டர் பிரகடனத்தில் சேர்க்க மறந்துவிட்டார்.

இன்னொரு சட்டமும் உண்டு. சோபாவின் கைப்பிடி உள்ளே கூடாக இருக்கும். கவிழ்த்துப் போட்டால் அடிவழியாக அதற்குள் நுழைந்துவிடலாம். இருட்டு, கதகதப்பு, யாரும் தொந்தரவு செய்யாத இடம். ஒரு மேனேஜருக்கு இதைவிட நல்ல அலுவலக அறை அமையாது. எனவே அடித்துணியைத் தைப்பதற்கு முன் மாஸ்டர் சுத்தியல் காம்பால் சட்டத்தில் மூன்று முறை தட்டுவார். உள்ளே இருந்தால் மேனேஜர் கொட்டாவி விட்டுக்கொண்டு, அவசரக் கூட்டத்துக்கு எழுப்பப்பட்ட அதிகாரியின் முகத்தோடு வெளியே வருவார். பதினோரு வருடங்களில் ஒரு முறையும் இது தவறவில்லை.

சோபாவைக் கிழித்துக் கொண்டுவரும் வாடிக்கையாளர்களுக்கு மேனேஜர் ஒரு நிரந்தர அவமானம். "எங்க மேனேஜருக்குப் பதினெட்டு நகம் இருக்குங்க. ஒரு நூல் இழுத்ததில்ல. உங்க வீட்டுல என்ன வளர்க்கறீங்க, கரடியா?" என்று மாஸ்டர் கேட்பார். அவர்கள் வீட்டில் வளர்வது இரண்டு குழந்தைகள் மட்டுமே என்று தெரிந்தும் கேட்பார்.

மேனேஜருக்கு ஓய்வெடுக்கச் சொந்தமாக ஒரு இடமும் இருந்தது. மிஞ்சிய பச்சை வெல்வெட்டில் மாஸ்டர் செய்து கொடுத்த, பெட்டிபோல நாலாபுறமும் மூடிய ஒரு குட்டி முக்காலி. உட்காரும் பக்கம் மெத்தை, பக்கவாட்டில் வட்டமாக ஒரு வாசல், உள்ளே ஃபோம். வாசலின் விளிம்புக்குக்கூட நாடா வைத்துத் தைத்திருந்தார்.

அந்த மேனேஜர் செத்துப்போனார்.

எப்படி என்பதை மாஸ்டர் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கடைசிப் பன்னிரண்டு நாட்கள் மேனேஜர் சோபா எதிலும் ஏறவில்லை. வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். "ஓபி அடிக்கறார். வயசாச்சுன்னா எல்லா மேனேஜரும் இப்படித்தான்" என்று மாஸ்டர் சிரித்தார். வேலை தேங்கியபோது அவரே மேனேஜரைத் தூக்கி சோபாவின் மேல் வைத்தார். மேனேஜர் அங்கேயே கிடந்தார். மாஸ்டர் பாஸ் என்று அறிவித்தார். அப்படி மூன்று சோபாக்கள் பாஸ் ஆயின. பதின்மூன்றாம் நாள் டாக்டரிடம் கொண்டுபோனபோது, சிறுநீரகம் போய்விட்டது, பத்து நாள் முன்னால் வந்திருக்கலாம் என்று அவர் சொன்னார். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. மெத்தையில் அரை விரற்கடை பள்ளம் விழுந்தால் தெருவில் நின்றே கண்டுபிடிக்கும் கண், பன்னிரண்டு நாட்கள் எங்கே போயிருந்தது என்ற கேள்விக்கு மாஸ்டரிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் கோபம் இருந்தது. அது ஏராளமாக இருந்தது. ஊருக்கே பங்கு போட்டுக் கொடுத்தார்.

முதல் பங்கு டாக்டருக்கு. அந்த ஆஸ்பத்திரிப் படியை இனி மிதிப்பதில்லை என்று சபதம். அடுத்தது ஃபோம் கொண்டுவந்து போடுகிறவருக்கு. "விடுங்க மாஸ்டர், பூனைதானே? தெருவுல ஆயிரம் திரியுது" என்று அவர் ஆறுதல் சொன்னார். "ஃபோமும்தான் தெருவுக்குத் தெரு விக்கறாங்க. இனிமே வராதீங்க" என்று மாஸ்டர் அவரை அனுப்பிவிட்டு, அதைவிட மட்டமான ஃபோமை அதைவிடத் தூரத்திலிருந்து வரவழைத்து, அந்த எரிச்சலையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். டீக்கடைக்காரர் நல்ல மனதோடு, "எங்க வீட்டுல நாலு குட்டி போட்டிருக்கு, ஒண்ணு தரட்டுமா?" என்று கேட்டார். அன்றோடு மாஸ்டர் டீயை நிறுத்தினார். டீ குடிக்காததால் தலைவலி வந்தது. தலைவலிக்கும் டீக்கடைக்காரரே காரணம் என்று முடிவானது.

கடைசியாக முக்காலி. அதே பச்சை வெல்வெட்டில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, மெழுகு பூசிய நூலை இரட்டையாக்கி, அந்த வாசலை மூடித் தைத்தார். நாற்பத்தொரு தையல். கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிவிட்டு மச்சினனைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. இந்தக் கடையில பூனைங்கற சமாச்சாரம் முடிஞ்சுபோச்சு. தையல் போட்டாச்சு. நான் போட்ட தையலை நான் பிரிக்க மாட்டேன்."

"சரி மாமா."

"என்ன சரி?"

"இல்ல, தப்பு மாமா."

"எது தப்பு?"

மச்சினன் வண்டிக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். அந்த வாரத்தில் வண்டிக்கு அது ஐந்தாவது காற்று.

வீடு கடைக்கு மேலே, மாடியில். மாஸ்டரின் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்கப் பிறர் ரத்தத்தைப் பார்த்துப் பழகியதால் கணவரின் ரத்தக் கொதிப்பு அவரை அசைப்பதில்லை. ஏழு வாரங்கள் பொறுத்தார். எட்டாவது வாரம், 'கவனம், உடையும் பொருள்' என்று அச்சடித்த ஓர் அட்டைப்பெட்டியோடு வேலையிலிருந்து வந்தார். பெட்டியில் பேனாவால் குத்திய துளைகள் இருந்தன. ஒரு துளை வழியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு காற்று வாங்கியது.

"என்ன இது?" என்றார் மாஸ்டர்.

"பூனை."

"பூனைன்னு தெரியுது. யாருக்கு?"

"எனக்கு."

இந்தப் பதிலுக்கு மாஸ்டர் தயாராக இல்லை. 'உங்களுக்கு' என்று வந்தால் எறிவதற்காக ஒரு நீளமான வசனம் வைத்திருந்தார்.

"கூட வேலை பார்க்கற அம்மா வீடு மாத்தறாங்க. புது வீட்டுல பூனை கூடாதாம். நாளைக்குத் தெருவுல விட்டுருவாங்க."

"அதுக்கு? என் மேனேஜர் போய் ரெண்டு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள ஆளை மாத்தறியா? மெத்தையில ஃபோம் மாத்தற மாதிரி?"

"உங்க மேனேஜரா? கடையை மூடிட்டு நீங்க பேப்பர் படிப்பீங்க. அவர் யார் மடியில தூங்குனாரு? துக்கத்தை மொத்தமா நீங்களே குத்தகைக்கு எடுத்துக்கிட்டா நான் எங்க போய் அழறதாம்? எங்க லேப்லயா?"

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். அவருடைய கோபத்தில் ஊரில் எல்லோருக்கும் பங்கு இருந்தது. துக்கத்தில் இவளுக்கு ஒரு பங்கு ஒதுக்கத் தோன்றவில்லை. அதை ஒப்புக்கொள்வது அவர் ஜாதகத்திலேயே இல்லை என்பதால், "ஒரு வாரம்" என்றார். "அதுக்குள்ள வேற இடம் பாரு. அது கீழ கடைக்கு வரக் கூடாது. நான் பேர் வைக்க மாட்டேன், கூப்பிட மாட்டேன், தொட மாட்டேன்."

"உங்களைத் தொடச் சொல்லி அது ஒண்ணும் மனு கொடுக்கல."

அது மூன்றாம் நாள் கீழே கடைக்கு வந்தது. மேனேஜரில் பாதி உருவம். சாம்பல் நிறத்தில் கோடுகள். ஒரு முன்னங்கால் மட்டும் சுண்ணாம்பில் முக்கியதுபோல வெள்ளை. வந்ததும் முதல் காரியமாக, மாதிரித் துணிப் புத்தகத்தின் விலை உயர்ந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் நகத்தைத் தீட்டியது. மாஸ்டருக்கு வந்த கோபத்தில் கொஞ்சம் மகிழ்ச்சியும் கலந்திருந்தது. கிழிந்த துணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி மாடிக்குப் போய், நீதிமன்றத்தில் சான்றுப் பொருளை வைப்பதுபோல மனைவியின் முன் வைத்தார்.

"மேனேஜர் பதினோரு வருஷத்துல இப்படி ஒரு காரியம் செஞ்சிருப்பாரா?"

"அது மேனேஜர் இல்ல. நீங்கதான் சொன்னீங்க, ஆளை மாத்தக் கூடாதுன்னு. இது வேற ஆளு."

ஆறாம் நாள் காலை விஷயம் முற்றியது. மேனேஜர் சாப்பிட்ட நீலக்கரைத் தட்டு ஒன்று உண்டு. அதை மாஸ்டர் கழுவித் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். அன்று பல் துலக்கிவிட்டு வந்தபோது அது தரையில் இருந்தது. அதில் சாம்பல் பூனை மீன் தின்றுகொண்டிருந்தது.

அந்த உரையாடலை முழுக்கப் பதிவு செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன என்பது போதும். முடிவில் மாஸ்டர் கழுவாத தட்டைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு இறங்கினார். மனைவி வேலைக்குக் கிளம்பினார். மாடிக் கதவை யார் சாத்தியிருக்க வேண்டும் என்பது பிற்பாடு தனியாக ஒரு விவாதமானது.

அன்று முடிக்க வேண்டியது பாட்டு டீச்சருடைய சோபா. டீச்சர் தனி ஆள். வீட்டிலேயே பத்துப் பதினைந்து பேருக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறவர். சோபா முதல் நாளே கவிழ்ந்து, அடி திறந்து கிடந்தது. மாஸ்டர் அதன்மேல் முழங்காலை ஊன்றி, அடித்துணியை விரித்து, கருப்பு நூலைக் கோத்தார். கை தன் வழக்கப்படி சுத்தியலை எடுத்தது. காம்பு சட்டத்தை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

"யாருக்குத் தட்டணும் இனிமே?" என்றார் மாஸ்டர். சுத்தியலிடமிருந்து பதில் வராததால் அதன்மேலும் கோபம் வந்தது. மூலையில் வீசினார். பிறகு தைத்தார். அப்படி ஒரு தையலை அவர் வாழ்நாளில் போட்டதில்லை. ஒவ்வொரு குத்தலுக்கும் ஒரு முகம் வைத்துக் குத்தினார்: டாக்டர், ஃபோம், டீ, தட்டு, மனைவி, மச்சினன். மச்சினன் ஒன்றும் செய்யவில்லை; வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. காலை பதினோரு மணிக்குக் கடைசி முடிச்சு விழுந்தது. பன்னிரண்டுக்கெல்லாம் சோபா டீச்சர் வீட்டில் இறங்கியிருந்தது.

மாலையில் மனைவி வந்தபோது பூனை இல்லை. மாடியில் இல்லை, கடையில் இல்லை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இல்லை, ரெக்சின் சுருள்களுக்கு நடுவில் இல்லை. மனைவி தெருவின் இரு முனைகளுக்கும் போய்வந்தார். திரும்பி வந்து, வெட்டும் மேஜைக்கு எதிரில் நின்றார்.

"எங்க விட்டீங்க?"

"நான் எங்கயும் விடல."

"காலையில பேசின பேச்சுக்கு, நீங்க விரட்டலைன்னு நான் நம்பணுமா?"

"விரட்டறதா இருந்தா சொல்லிட்டு விரட்டுவேன். திருட்டுத்தனம் என்கிட்ட கிடையாது. பத்து வீட்டுக்குக் கேக்கற மாதிரி விரட்டுவேன்."

அது உண்மைதான். ஆனால் மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. தாழ்ந்த குரலில், எட்டு வாரங்களாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னார்.

"மேனேஜருக்கு முடியலைன்னு பன்னிரண்டு நாள் உங்களுக்குத் தெரியல. எனக்கும் தெரியல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் கோட்டை விட்டோம். இதையாவது ஒழுங்கா பார்த்துக்கலாம்னு கொண்டு வந்தேன். ஆறு நாள்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். ஆணி எதுவும் இல்லாத வெறும் வாய். மனைவி மாடிக்குப் போனார். அந்த வீட்டில் அதற்குமுன் பேச்சு நின்றது குரல் கட்டியபோது மட்டும்தான்.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்குத் தொலைபேசி ஒலித்தது.

"மாஸ்டர், உங்க சோபா அழுவுது" என்றார் பாட்டு டீச்சர்.

"சோபா அழாதும்மா. உட்கார்றவங்கதான் அழுவாங்க."

"நேத்து பூரா சத்தமே இல்ல. இன்னிக்குக் காலையிலிருந்து நான் ஒரு வரி பாடினா அதுவும் ஒரு வரி பாடுது. அதுவும் என் பசங்களைவிடச் சுருதி சேர்ந்து."

"புது ஸ்பிரிங்மா. நாலு நாள்ல படிஞ்சுரும்."

"ஸ்பிரிங் பசிச்சு அழுமா, மாஸ்டர்? இது பசிக் குரல். நாப்பது வருஷமா குரல்தான் கேக்கறேன்."

மாஸ்டர் தொலைபேசியை வைத்தார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உலகத்தில் எல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்தது தையல் ஒன்றுதான். இப்போது அதிலும் குறை.

"மாமா," என்றார் மச்சினன், மெதுவாக, "ஒருவேளை..."

"ஒருவேளையும் கிடையாது, இருவேளையும் கிடையாது. வண்டியை எடு. அந்தம்மா முன்னாடியே உட்கார்ந்து காட்டறேன்."

வழியெல்லாம் மச்சினன் மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறை மூடினார். அக்காவைக் கட்டியவர் இவர் என்பதால் சில உண்மைகளைத் தானாக வெளிவர விடுவதே நல்லது என்பது அவருடைய இருபது வருட அனுபவம்.

டீச்சர் வீட்டுக் கூடத்திலிருந்து மாணவிகளை அனுப்பிவிட்டிருந்தார்கள். சோபா சுவரோரம் மௌனமாக, யோக்கியமாக நின்றது. மாஸ்டர் அதைச் சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், நட்டநடுவில் உட்கார்ந்தார். ஒரு சத்தமும் இல்லை.

"எங்கேம்மா அழுவுது?"

"இப்ப நிறுத்தியிருக்கு. நீங்க வந்த சத்தத்துல பயந்திருக்கும்."

"சோபா பயப்படுமா? பதினெட்டு வயசுலேருந்து இதே வேலை பார்க்கறேன். என் சட்டம் முனகாது, என் ஸ்பிரிங் பேசாது. இந்தக் கைப்பிடியில என்ன சத்தம் வரும்? கேளுங்க," என்று கத்திக்கொண்டே, முஷ்டியால் கைப்பிடியை அடித்தார். "இதுல," ஓர் அடி, "என்ன," இன்னோர் அடி, "சத்தம்?" மூன்றாவது அடி.

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஒரே ஒரு குரல், காய்ந்து, மெலிந்து.

மாஸ்டரின் முஷ்டி கைப்பிடியின் மேலேயே தங்கிவிட்டது. டீச்சர், "மேல் ஸ்தாயி" என்றார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, மேலே விமர்சிக்காமல் நகர்ந்துகொண்டார்.

அடுத்து நடந்ததை மச்சினன் பின்னாளில் பலமுறை விவரித்தார். மாஸ்டர் அந்தக் கனமான சோபாவை ஒற்றை ஆளாகக் கவிழ்த்தார். பையிலிருந்து ஃபோம் அறுக்கும் கத்தியை எடுத்தார். தன் கையால் போட்ட, வாழ்நாளிலேயே மிக இறுக்கமான அந்தத் தையலுக்குப் பக்கத்தில் கத்தியைச் செருகி, அடித்துணியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே இழுப்பில் கிழித்தார். (பிரிக்கவில்லை, கிழித்தார். இந்த வேறுபாட்டை அவரே பிறகு வலியுறுத்தினார். தையல் ஒன்றுகூடக் கலையவில்லையாம்.)

பூனை வெளியே வரவில்லை. கைப்பிடிக் கூட்டின் கோடிக்குப் போய் ஒண்டிக்கொண்டது. மாஸ்டர் தரையில் குப்புறப் படுத்துக் கையைத் தோள்வரை உள்ளே விட்டார். உள்ளிருந்து நகம் வந்தது. கையில் நீளமாகக் கோடு விழுந்தது. அந்த நிலையில், கன்னம் தரையில் அழுந்த, மாஸ்டர் அந்தப் பூனையிடம் முதல்முறையாகப் பேசினார்.

"கீறு. நல்லா கீறு. நேத்து மூடும்போது எங்க போச்சு இந்த வீரம்? வாய் இல்ல உனக்கு? கத்தியிருக்கக் கூடாது? மாதிரித் துணியைக் கிழிக்கத் தெரியுது, அடித்துணியைக் கிழிக்கத் தெரியல? தூக்கமாம் தூக்கம். ஒருத்தன் மேல உட்கார்ந்து டம்மு டம்முன்னு குத்தறான், அப்படி என்ன தூக்கம்?" மூச்சு வாங்கினார். திட்டு நிற்கவில்லை, ஆனால் போகும் இடம் மாறிவிட்டது. "கண்ணு எங்கய்யா போச்சு உனக்கு? பன்னிரண்டு நாளு. பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு. தூக்கி வச்சுப் பாஸ்னு சொன்னியே, பெரிய மாஸ்டர். தட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமே. தட்டித் தொலைக்கறதுக்கு என்ன கேடு?"

டீச்சர் மச்சினனிடம் திரும்பி, "ஒரு நாள்தானே உள்ள இருந்துச்சு? பன்னிரண்டு நாள்னு சொல்றாரு?" என்று கேட்டார்.

"அது வேற கணக்கு டீச்சர்."

கடைசியில் கழுத்துப் பிடியில் பூனை வெளியே வந்தது. மாஸ்டர் அதைத் திட்டிக்கொண்டே, முதுகுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். மேனேஜரின் கடைசி இரண்டு நாட்களில் டாக்டர் கற்றுக்கொடுத்தது அது. தோல் உடனே படிந்தால் நல்லது; கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை. தோல் நின்றது.

"வண்டியை எடு."

"கடைக்கா மாமா?"

"ஆஸ்பத்திரிக்கு. எத்தனை தடவை சொல்றது?" அவர் அதுவரை ஒரு தடவையும் சொல்லியிருக்கவில்லை.

இனி மிதிப்பதில்லை என்று சபதமிட்ட அந்தப் படிகளை அவர் இரண்டிரண்டாக ஏறினார். அதே டாக்டர், அதே மேஜை.

"எப்பலேருந்து?"

"நேத்துக் காலை பதினோரு மணி. இருபத்தாறு மணி நேரம். தண்ணி இல்ல, சாப்பாடு இல்ல. தோல் படியல. ஈறு ஒட்டுது. நாலு தடவை கத்துச்சு, வர்ற வழியில. நாலாவது கொஞ்சம் பலமா இருந்துச்சு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். தோலுக்கடியில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார். கால் மணி நேரத்தில் பூனை டாக்டரையும் கீறியது.

"பிழைச்சுக்கும். நல்லவேளை, நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க."

"நேரத்துக்கா?" என்றார் மாஸ்டர். கூடத்தில் காத்திருந்த நாய்கள் காதை உயர்த்தின. "நானே உள்ள வச்சுத் தைச்சிருக்கேன் டாக்டர். நேரத்துக்காம் நேரத்துக்கு. நாலு திட்டு திட்டுவீங்களா, அதை விட்டுட்டு."

"சரி, திட்டினதா வச்சுக்கோங்க." டாக்டர் மேஜை டிராயரைத் திறந்து அட்டைகளைப் புரட்டினார். மேனேஜருடைய அட்டை அங்கேயே இருந்தது. "இதுலயே எழுதிடட்டுமா? ஒரே வீடுதானே?"

மாஸ்டர் அந்த அட்டையைத் திரும்ப டிராயரிலேயே வைத்தார்.

"வேண்டாம். அது அவர் அட்டை. இதுக்குப் புதுசு போடுங்க."

மாலையில் மனைவி படியேறி வந்தபோது பூனை அடுப்படி மூலையில், நீலக்கரைத் தட்டில் அல்ல, வாங்கி அரை மணி நேரமே ஆன ஒரு மஞ்சள் தட்டில் கஞ்சித் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எதிரில் நாற்காலி போட்டு, ஒவ்வொரு நக்கலையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார். கையில் கட்டு.

"நான் விரட்டல" என்றார். "உள்ள வச்சுத் தைச்சுட்டேன்."

மனைவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கேட்டார்: "தட்டலையா?"

"தட்டல."

மனைவி கைப்பையை மாட்டிவிட்டு, கணவரின் கட்டைப் பார்த்து, அதை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இன்னியோட ஒரு வாரம் முடியுது" என்றார். "ஒரு இடம் சொல்லி வச்சிருக்கேன். நல்ல வீடுதான்."

"எந்தக் கணக்குல ஒரு வாரம்?" மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு நாள் சோபாவுக்குள்ள போச்சு. அது சேராது. அப்புறம் மருந்து அஞ்சு நாளைக்கு எழுதியிருக்காரு. நல்ல வீடாம். அங்க எவனுக்குத் தோலைக் கிள்ளிப் பார்க்கத் தெரியும்?"

"அப்ப சொல்லி வச்ச இடத்துக்கு என்ன சொல்லட்டும்?"

"என்னத்தையாவது சொல்லு. எல்லாத்துக்கும் என்னையே கேளு."

மனைவி அடுப்பைப் பற்றவைத்தார். ஒன்பது வாரங்களாக அந்த வீட்டில் இரண்டு கோப்பை டீ சேர்ந்தாற்போல் போடப்பட்டதில்லை. அன்று போட்டார். மாஸ்டர் சர்க்கரை குறைவு என்று சண்டை பிடித்துவிட்டு முழுவதையும் குடித்தார்.

நான்கு நாட்கள் போயின. டீச்சரின் சோபா கடைக்குத் திரும்பிவந்து, புது அடித்துணிக்காகக் கவிழ்ந்து கிடந்தது. பூனை கடைக்கு வரக் கூடாது என்ற சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. யாரும் நினைவுபடுத்தவும் இல்லை. பூனை எல்லா சோபாவிலும் ஏறியது. எதையும் பாஸ் செய்யவில்லை. நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் தூங்கியது. மேனேஜர் வேலைக்குத் துளியும் தகுதி இல்லை என்று மாஸ்டர் மச்சினனிடம் தினம் இரண்டு முறை தெரிவித்தார்.

ஒன்றே ஒன்றுதான் அவரை உறுத்தியது. கைப்பிடிக் கூட்டுக்குள் பூனை இப்போது போவதில்லை. பயம். அதற்குப் பதில் மூலையிலிருந்த பச்சை முக்காலியிடம் போனது. வாசல் இருந்த இடத்தில் மூக்கை வைத்தது. வெள்ளைக் காலால் தொட்டுப் பார்த்தது. கீறவில்லை, தொட்டது மட்டும்தான். பிறகு மூடிய வட்டத்துக்கு எதிரில், அலுவலகம் திறக்கக் காத்திருக்கிற மனுதாரரைப்போல உட்கார்ந்துகொண்டது. முதல் நாள் மாஸ்டர் அதட்டினார். இரண்டாம் நாள் முக்காலியைத் தூக்கி மறுமூலையில் வைத்தார். பூனை மறுமூலைக்குப் போய் உட்கார்ந்தது.

"மாமா, புதுசா ஒரு முக்காலி செஞ்சுரலாமே?" என்றார் மச்சினன். "துணி இருக்கு."

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப சாப்பிடப் போ."

மச்சினன் போனார். மதிய நேரம். மாஸ்டர் சுத்தியல் காம்பால் டீச்சர் சோபாவின் சட்டத்தில் மூன்று முறை தட்டினார், பூனை கண்ணெதிரிலேயே உட்கார்ந்திருந்தபோதும். அடித்துணியைத் தைத்து மூடினார். மிச்ச நூலைச் சுற்றி வைத்தார். ஊசியைக் கீழே வைத்தார்.

அரை மணி கழித்து மச்சினன் பல் குத்திக்கொண்டு திரும்பியபோது, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு ஓசைப்படாமல் பின்வாங்கி, வண்டிக்குக் காற்றுப் போதுமா என்று பார்க்கப் போய்விட்டார்.

மாஸ்டர் வெளிச்சத்துக்காக வாசலுக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பச்சை முக்காலி. மூக்குக் கண்ணாடி, கையில் தையல் பிரிக்கிற சின்னக் கொக்கி. மெழுகு நூல், இரட்டை இழை, லேசில் அறுபடவில்லை. ஒவ்வொன்றாக நெம்பி, வெல்வெட்டில் கீறல் விழாமல் இழுத்து, நூல் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யாரையும் திட்டவில்லை. பூனை அவர் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு, வாசல் எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பாதி இறங்கிய ஷட்டருக்கு அந்தப் பக்கம், தெருவில், செருப்புகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. மாஸ்டருக்கு அவற்றை எண்ண நேரமில்லை. இன்னும் பத்தொன்பது தையல் பாக்கி இருந்தது.